மன அழுத்தம் காட்டும் ஸ்மார்ட் வாட்ச்: கணவனும் மனைவியுமாகக் கட்டிப் பார்த்த நான்கு மாதம்

என் கணவர் வங்கி அதிகாரி. இரண்டு ஆண்டுகளாகச் சென்னைக் கிளை ஒன்றில் பணிபுரிகிறார். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிக்கு விடுமுறை என்பதால் அவற்றை ஒட்டி வெள்ளி இரவு ரயிலேறி வருவார். ஞாயிறு இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் திரும்பிவிடுவார். அவருக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருப்பதாக மருத்துவர் சொன்ன வாரத்தில், இணையத் தள்ளுபடி ஒன்றில் தலா 4,799 ரூபாய்க்கு இரண்டு ஸ்மார்ட் வாட்ச்சுகள் வாங்கினோம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் வாட்ச்சுகள் பலவற்றிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான் இருக்கிறது. என் புகார்களும் ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுபவை அல்ல.

வாங்கத் தூண்டியது இரண்டு வசதிகள். ஒன்று, நாள் முழுவதும் 0 முதல் 100 வரை மன அழுத்த மதிப்பெண் காட்டும் வரைபடம். மற்றொன்று, கணவன் மனைவி இருவரும் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் தம் கைப்பேசியில் உடனுக்குடன் பார்க்கும் ‘துணைவர் பகிர்வு’. இதனுடன் உங்கள் ‘பிணைப்பு வகை’ எது என்று சொல்லும் ஒரு சிறு வினாத்தாளும் செயலியில் உண்டு. நெருங்கிய உறவில் ஒருவர் எந்த அளவுக்குப் பத்திரமாக உணர்கிறார் என்பதற்கும் நெருக்கடியில் அவர் உடல் நடந்துகொள்ளும் விதத்துக்கும் தொடர்பு உண்டு என்பது உளவியலில் நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் செய்தி. அதை 4,799 ரூபாய்க்கு மணிக்கட்டில் கட்டித் தருகிறோம் என்கிறார்களே, பார்த்துவிடுவோம் என்றுதான் பெட்டியைப் பிரித்தேன்.

முதலில், இது எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வாட்ச்சின் அடிப்புறத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்குகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நாளங்களில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதிலிருந்து துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம் கணக்கிடப்படுகிறது. அமைதியாக இருக்கும் உடலில் இந்த இடைவெளிகள் ஒரே சீராக இருக்கமாட்டா. மூச்சை இழுக்கும்போது சற்றுச் சுருங்கும், விடும்போது நீளும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நெருக்கடி வரும்போது அந்தப் பிடி தளர்ந்து, உடலை நெருக்கடிக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தின் கை ஓங்குகிறது. இடைவெளிகள் குறுகி, ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. வாட்ச் அதை ‘அழுத்தம்’ என்று மொழிபெயர்க்கிறது. இரண்டாவது டம்ளர் காப்பி, காய்ச்சல், வயிறு நிறைந்த விருந்துச் சாப்பாடு, மாடிப்படி ஆகியவையும் இதே மாற்றத்தை உண்டாக்கும் என்பதை அது அறியாது. தீபாவளிக்கு முந்தைய நாள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த மூன்று மணி நேரமும் நான் ‘அதிக அழுத்தத்தில்’ இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உண்மையில் அன்று நான் வெகு உற்சாகமாக இருந்தேன்.

விளம்பரத்தில் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ என்ற சொல் இருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கும், அங்கிருந்து அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி இறங்கி, அந்த ஹார்மோனான கார்ட்டிசால் சுரந்து, உமிழ்நீரில் அதன் அளவு உச்சத்தைத் தொடுவதற்கு நெருக்கடி தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஆய்வகங்களில் பஞ்சுச் சுருளை மெல்லச் சொல்லி, அந்த உமிழ்நீரைச் சோதித்து அளக்கிறார்கள். மணிக்கட்டில் மினுக்கும் பச்சை விளக்குக்குக் கார்ட்டிசாலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன். நான்கு மாதத்தில் எட்டு ஞாயிறுகளுக்கு வரைபடம் இருக்கிறது. எட்டிலும் என் கோடு மாலை நான்கு மணிவாக்கில் எழும்பத் தொடங்குகிறது. சண்டை வந்த நாள்களில் அந்த நேரத்தில்தான் வந்திருக்கிறது; காரணங்களை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு முறை பருப்புப்பொடி டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை என்பதற்காக. “உங்களுக்கு இந்த வீட்டு ஞாபகம் இருந்தாத்தானே பாத்து எடுத்து வைப்பீங்க” என்று நான் சொல்ல, “சரிம்மா, விடு” என்று அவர் பையின் ஜிப்பை இழுத்தார். அந்த நொடியில் என் மணிக்கட்டு அதிர்ந்து, ‘உங்கள் அழுத்தம் அதிகமாக உள்ளது, ஒரு நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்’ என்றது. நிமிடம் கழிவதற்குள் அவருடைய வாட்ச்சும் அதிர்ந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். இந்தப் பொருளுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்தச் சிரிப்புக்கானது.

பிரிவுக்கு முந்தைய இந்த மாலை நேரக் கொந்தளிப்பு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. தாயைப் பிரியும் குழந்தையின் அழுகையை, பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி ‘எதிர்ப்பு’ என்றார். கைவிட்டுப் போகாதே என்று உடல் போடும் சத்தம் அது. பெரியவர்களிடத்தில் அது வேறு வேடம் பூண்டு பருப்புப்பொடி டப்பாவின் வழியாக வெளியே வருகிறது. கிறிஸ் ஃப்ரேலியும் ஃபிலிப் ஷேவரும் அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் காத்திருந்த இணைகளை ஓரமாக உட்கார்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பயணம் போகிறவர்களைவிடப் பிரியப் போகிறவர்களிடம் தொடுதல், பற்றிக்கொள்ளுதல், விடாமல் பார்த்தல் ஆகியவை மிகுந்திருந்ததைக் காட்டினார்கள். எங்களுக்கு இன்னும் நெருக்கமானது, லிசா டைமண்ட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. 42 இணைகள் 21 நாள்கள் நாட்குறிப்பு எழுதி, உமிழ்நீரும் கொடுத்தார்கள். இடையில் ஒருவர் நான்கு முதல் ஏழு நாள்கள் வெளியூர் போய்வந்தார். பிரிந்திருந்த நாள்களில் தூக்கம், மனநிலை, கார்ட்டிசால் ஆகிய எல்லாவற்றிலும் மாற்றம் தெரிந்தது. துணை கைவிட்டுவிடுவாரோ என்று உறவில் பதற்றம் மிகுந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஊருக்குப் போனவரைவிட வீட்டில் தங்கியவரையே பிரிவு அதிகம் வாட்டியது. வழியனுப்பிவிட்டு வந்து கதவைத் தாழிடும் ஆளுக்கு இது புதிய செய்தியல்ல என்றாலும், அதை எண்ணாகப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

வாட்ச் எனக்குக் காட்டிய புதிய செய்தி கணவருடைய கோட்டில் இருந்தது. அவர் விடைபெறும்போது முகம் மாறாதவர். பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்குவார், சார்ஜரைத் தொட்டுப் பார்ப்பார், “போய்ட்டு போன் பண்றேன்” என்பார், அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை நான் ஒரு விதமாகவே புரிந்துகொண்டிருந்தேன். வரைபடம் வேறு சொன்னது. அவர் மதிப்பெண் ரயில் கிளம்பிய பிறகுதான் ஏறத் தொடங்கி, விருத்தாசலம் தாண்டியும் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. ரயில் குலுங்குவதும் மேல் பெர்த்துக்கு ஏறுவதும் காரணமாக இருக்கலாமே என்று எனக்குள் இருக்கும் விலங்கியல் ஆசிரியை கேட்டாள். ஆகவே ஊருக்கு வரும் வெள்ளிக்கிழமை இரவுகளை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன். அதே ரயில், பெரும்பாலும் அதே மேல் பெர்த். தாம்பரம் வருவதற்குள் கோடு முப்பதுக்கு இறங்கிவிடுகிறது. சில இரவுகளை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வகங்கள் இதை முன்பே கண்டிருக்கின்றன. மேரி டோஸியரும் ரோஜர் கோபாக்கும் 1992-இல், பெற்றோரைப் பற்றிய விரிவான நேர்காணலின்போது கல்லூரி மாணவர்களின் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். வியர்வைச் சுரப்பிகளுக்கு வரும் நரம்பு பரிவு மண்டலத்தைச் சேர்ந்தது என்பதால், உள்ளே எழும்பும் கிளர்ச்சியை அது மறைக்காமல் சொல்லிவிடும். எனக்கென்ன குறை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று உறவின் தேவையைத் தள்ளிவைத்துப் பேசியவர்களுக்கு, பிரிவையும் புறக்கணிப்பையும் பற்றிய கேள்விகள் வந்தபோது அந்த அளவு ஏறியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஸ்பாங்லரும் குரோஸ்மனும் ஒரு வயதுக் குழந்தைகளிடம் இதற்கு இணையான ஒன்றைக் கண்டார்கள்: தாய் அறையைவிட்டுப் போனபோது அழாமல் பொம்மையோடு இருந்த குழந்தையின் இதயமும் மற்றவர்களுடையதைப் போலவே வேகமெடுத்தது, பின்னர் எடுத்த உமிழ்நீரில் கார்ட்டிசாலும் உயர்ந்திருந்தது. பத்திரமான பிணைப்புள்ள குழந்தைகள் வாய்விட்டு அழுதும் கார்ட்டிசால் உயரவில்லை. அடக்கிவைப்பதற்கு உடல் கூலி கேட்கிறது போலும்.

வரைபடத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது சரியா காட்டாதும்மா” என்றார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவருடைய வாட்ச்சில் இரவு ஒன்பது மணியிலிருந்து கோடே இல்லை. கேட்டால் சார்ஜில் போட்டிருந்தாராம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஆறு நாள் தாங்கும் பொருளுக்கு ஞாயிறு இரவில்தான் சார்ஜ் தேவைப்படுகிறது. நான் வற்புறுத்தவில்லை.

வினாத்தாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு கேள்விகள், முடிவில் எனக்கு ‘பதற்றம்’ என்று ஆரஞ்சு நிறத்திலும் அவருக்கு ‘விலகல்’ என்று நீல நிறத்திலும் ஒரு வில்லை கிடைத்தது, மேலும் அறிய மாதம் 299 ரூபாய் கட்டச் சொல்லும் பொத்தானுடன். ஹாஸனும் ஷேவரும் 1987-இல், டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் வகைக்கு ஒன்றாக மூன்று பத்திகளை அச்சிட்டு, எது உங்களைப் போல் இருக்கிறது என்று வாசகர்களைக் கேட்டபோது இந்த வகைப்பாடு உதவியது. பாதிக்குச் சற்று அதிகமானோர், உறவில் பத்திரமாக உணர்பவரைச் சொல்லும் பத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஏறத்தாழப் பத்தாண்டில் ஆய்வாளர்கள் வில்லைகளைக் கைவிட்டு, பதற்றம், விலகல் என்ற இரண்டு அளவுகோல்களுக்கு வந்துவிட்டார்கள். இன்று பரவலாகப் பயன்படும் 36 கேள்விப் படிவம் இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் தருகிறது. ஒருவருக்கு இரண்டும் நடுத்தரமாக இருக்கலாம். கணவரிடம் ஒன்றும் அக்காவிடம் வேறொன்றுமாகவும் இருக்கலாம். உயரத்தை அளந்து சென்டிமீட்டரில் சொல்லாமல் ‘நெட்டை’, ‘குட்டை’ என்று சீட்டு ஒட்டியதைப் போலத்தான் இந்தச் செயலி செய்கிறது. மேலும், அதன் கேள்விகள் எல்லாம் ‘துணைவரை’ மட்டுமே சுற்றுகின்றன. எனக்குப் பயம் வந்தால் நான் முதலில் அழைப்பது தஞ்சாவூரிலிருக்கும் என் அக்காவை. அதைக் குறிக்க எங்கும் இடமில்லை.

துணைவர் பகிர்வு என்ற வசதிதான் இந்தப் பொருளின் பெருமையாக விளம்பரப்படுத்தப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை அதுவே அதன் மிகப் பெரிய குறை. ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் செயலியைத் திறந்தபோது அவர் மதிப்பெண் 84 என்று சிவப்பாக இருந்தது. இரத்த அழுத்தக்காரர், நெஞ்சு வலியோ என்னவோ என்று அழைத்தேன், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். ஐந்தாவது முறை எடுத்து, “ஆடிட் நடந்துட்டிருக்கு, என்ன அவசரம்?” என்றார். இதற்குள் என் மதிப்பெண் 88. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தெருமுனையை எட்டிப் பார்ப்பது போலச் செயலியைத் திறந்து பார்ப்பது என் வழக்கமாகிக்கொண்டிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். உறவில் பதற்றம் மிகுந்தவர்கள் ஆபத்தின் அறிகுறியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். தேடுவதே பயத்தை மேலும் ஏற்றும். அப்படிப்பட்டவர் கையில் கணவரின் இதயத் துடிப்பை நேரலையாகக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். மறுபக்கம், தன்னை எப்போதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது விலகி நிற்கும் இயல்புடையவரை மேலும் விலகச் செய்யும். ஞாயிறு இரவுச் சார்ஜருக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பகிர்வை அன்று மாலையே அணைத்துவிட்டேன். அணைக்கும் பொத்தான் அமைப்புகளுக்குள் நான்காவது அடுக்கில் ஒளிந்திருக்கிறது.

அழுத்தம் ஏறினால் செயலி சொல்லும் ஒரே யோசனை மூச்சுப் பயிற்சி. மூச்சை மெல்ல விடும்போது வேகஸ் நரம்பு உண்மையிலேயே இதயத்தை மெதுவாக்கும். அந்த யோசனையில் தவறில்லை. ஆனால் மனிதர்களின் பதற்றம் தணிவது பெரும்பாலும் இன்னொரு மனிதரால். ஜேம்ஸ் கோன், ஹிலரி ஷேஃபர், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் ஆபத்துக்கு எழும்பும் பகுதிகள் அடங்கியே இருந்தன. முன்பின் தெரியாதவரின் கைக்கும் சிறிது பலன் இருந்தது. மணவாழ்வு எவ்வளவு நிறைவாக இருந்ததோ அவ்வளவுக்கு அந்த அடக்கமும் கூடியது, கார்ட்டிசாலுக்கு முதல் செய்தியை அனுப்பும் ஹைப்போதலாமஸ் உட்பட. சூரிக்கில் பெயாட்டே டிட்ஸன் குழு 2007-இல் கண்டது இன்னும் நடைமுறைக்கு உகந்தது: மேடைப் பேச்சும் மனக்கணக்கும் கொண்ட ஒரு தேர்வுக்கு முன், துணைவர் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்ட பெண்களுக்குக் கார்ட்டிசாலும் இதயத் துடிப்பும் குறைவாகவே ஏறின, வாயால் மட்டும் தைரியம் சொன்னதற்கு அந்தப் பலன் இல்லை. சனிக்கிழமை இரவு டிவி பார்க்கும்போது அவர் கை என் தோளில் கிடக்கும் அரைமணி நேரத்தில் இரண்டு வாட்ச்சுகளும் இருபதைச் சுற்றியே காட்டுகின்றன. வாரத்தின் மிகத் தாழ்ந்த எண் அதுதான். ஆனால் ‘இப்போது இருவரும் சேர்ந்திருக்கிறோம்’ என்று குறித்துவைக்கச் செயலியில் வழியில்லை. உணவு, உறக்கம், உடற்பயிற்சி, மாதவிடாய் எல்லாவற்றுக்கும் குறியீடு வைத்தவர்கள் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்கவில்லை.

துணைவர் அருகில் இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். கார்ப்பென்டரும் கர்க்பாட்ரிக்கும் 1996-இல் செய்த சோதனையில், உறவில் பத்திரமாக உணராத பெண்களுக்குத் துணைவர் உடனிருந்தபோது இரத்த அழுத்தம் கூடுதலாகவே ஏறியது. சாலி பவர்ஸ் குழு 2006-இல் 124 காதல் இணைகளை வாக்குவாதம் செய்யவைத்துக் கார்ட்டிசாலை அளந்தபோது, ஒருவருடைய பிணைப்பு இயல்பு மட்டுமல்லாமல் எதிரில் இருப்பவருடைய பிணைப்பு இயல்பும் அவர் உடலில் தெரிந்தது. அது தெரிந்த விதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபட்டது. தனி மணிக்கட்டு ஒன்றை மட்டும் பார்த்து அறிவுரை சொல்லும் வாட்ச்சால் இந்தக் கணக்குக்குள் வர முடியாது.

மற்றபடி சில நடைமுறைச் செய்திகள். கண்ணாடி வளையல் போட்டிருக்கும் கையில் கட்டாதீர்கள்; ஓரம் இடித்து ஒரு வளையல் போனது, அளவும் தப்பிப்போகிறது. திருச்சி வெயிலில் ரப்பர் வாருக்கு அடியில் வேர்க்குரு வந்தது. துணி வாருக்கு மாறிய பிறகு இல்லை. நடக்கும்போதும் சமைக்கும்போதும் வரைபடத்தில் பாதி நேரம் வெற்றிடமாகவே இருக்கும். மாதச் சந்தா கேட்காமலே இரண்டாம் மாதம் புதுப்பிக்கப்பட்டது. பணத்தைத் திரும்பப் பெறப் பதினோரு நாளும் ஆறு மின்னஞ்சலும் ஆயின. உறக்க நேரக் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கிறது. இரத்த அழுத்தத்தை இது அளப்பதில்லை. அதற்கு மேற்கைப் பட்டையுள்ள சாதாரணக் கருவியைத் தனியாக வாங்கினோம், மருத்துவர் அதைத்தான் பார்க்கிறார்.

ஐந்துக்கு இரண்டரை தருவேன். தன் உடல் எப்போது எழும்புகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒன்று வாங்கலாம். அறிவிப்புகளை அணைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மட்டும் வரைபடத்தைத் திறப்பவருக்கு இது ஏற்ற பொருள். கணவன் மனைவிக்கென்று இரண்டாக வாங்குவதற்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். வாங்கிவிட்டீர்கள் என்றால் பகிர்வை முதல் நாளே அணைத்துவிடுங்கள். என்னுடையதை நடைப்பயிற்சிக்குக் கட்டிக்கொள்கிறேன். அவருடையது சென்னையில் இருக்கிறது; போன ஞாயிறு ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டில் வாங்கியானதும் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார், அப்போது இருவர் கையிலும் வாட்ச் இல்லை.